நீலத் தொழிலின் வீழ்ச்சியும் அதன் முன்னறிகுறிகளும்

நீலச் சாயம் நம் பள்ளிப் பாடங்களில் இருமுறை இடம்பெறுகிறது. வரலாற்று வகுப்பில் 1917-ஆம் ஆண்டுச் சம்பாரண் கிளர்ச்சியைக் கூறும்போது ஒருமுறை. இரசாயன வகுப்பில் அடால்ஃப் ஃபான் பேயரின் ஆராய்ச்சியைக் கூறும்போது மற்றொருமுறை. வரலாற்று ஆசிரியர் செயற்கை நீலத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். இரசாயன ஆசிரியரோ பீகார்க் குடியானவரை நினைப்பதே இல்லை. இவ்விரு பாடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு ஒரு வினா எழுதல் இயல்பு. செயற்கை நீலம் செய்யும் முறைக்குப் பேயர் முதன்முதலில் காப்புரிமை பெற்றது 1880-இல். அது பெருமளவில் சந்தைக்கு வந்தது 1897-இல். இடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகள். ஒரு பெருந்தொழிலின் அடித்தளம் பெயரப்போவதற்குப் பதினேழு ஆண்டுக்கால முன்னறிவிப்பு இருந்தும், அத்தொழிலை நடத்தியவர்கள் அதை ஏன் அறிந்துகொள்ளவில்லை?

அவர்கள் அறிவீனர்கள் என்று சொல்லிவிடுதல் எளிது, அது உண்மையன்று. பேயரின் வெற்றியைப் பற்றிய செய்தி அவர்களுக்கு எட்டியிருந்தது. அதனால் தங்களுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்று அவர்கள் கருதினார்கள். 1880-இல் அக்கருத்து முற்றிலும் சரியானதே. அது எப்போது தவறாயிற்று, அம்மாறுதலை எந்த அறிவு உள்ளவர் கண்டிருக்கக்கூடும் என்பதே இக்கட்டுரையின் பொருள். கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது பழங்கதையாக மட்டும் இராது என்பது என் எண்ணம்.

தொட்டியில் நிகழ்வது

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. செடியை அவுரி என்கிறோம். அதிலிருந்து கிடைக்கும் சாயத்தை நீலம் என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பழைய அறிக்கைகளை மொழிபெயர்க்க உட்காரும்போதெல்லாம் இந்த இடத்தில் எழுதுகோல் நின்றுவிடும்: இவ்வாக்கியத்தில் பேசப்படுவது செடியா, சாயமா? இது வெறும் மொழிபெயர்ப்பாளரின் சங்கடம் அன்று. தாம் விற்பது செடியின் பயனை என்று தோட்ட முதலாளி எண்ணினார். தாம் வாங்குவது சாயத்தை மட்டுமே என்பதைச் சாயத்தொழிலாளி அறிந்திருந்தார். ஒரே சொல்லால் இருவரும் பேசிக்கொண்டதில் இவ்வேறுபாடு நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

அவுரி இலையில் நீலம் நீலமாகவே இருப்பதில்லை. இண்டிக்கன் என்னும் நிறமற்ற பொருளாக, சர்க்கரையோடு பிணைந்து இருக்கிறது. செடியை வெட்டித் தொட்டியில் அடுக்கி, நீர் நிரப்பி, ஏறக்குறைய அரைநாள் ஊறவைத்தால் நொதித்தல் நிகழ்ந்து அப்பிணைப்பு அறுகிறது. சர்க்கரை பிரிந்து இண்டாக்சில் என்னும் பொருள் நீரில் கரைந்து நிற்கிறது. பசுமஞ்சள் நிறமான அந்நீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் வரிசையாக நின்று மட்டைகளால் அடிப்பார்கள். காற்றிலுள்ள பிராணவாயு இண்டாக்சிலோடு சேரும். நுரை நீலமாகும், நீலம் கரையாத துகள்களாக அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக வெட்டி, நிழலில் உலர்த்தினால் சந்தைச் சரக்கு ஆகிவிடும்.

இம்முறையில் ஒவ்வொரு தொட்டியின் சரக்கும் ஒவ்வொரு தரமாயிருக்கும். நீர், வெப்பம், ஊறிய நேரம், அடித்தவர்களின் கைத்திறன் ஆகிய எல்லாமே அதில் கலந்திருந்தன. கட்டியில் உண்மையான நீலப்பொருள் நூற்றுக்கு இருபது பங்கும் இருக்கலாம். எழுபது பங்குக்கு மேலும் இருக்கலாம். பீகார்ச் சரக்குக்குச் சந்தையில் மதிப்பு மிகுதி. சென்னை மாகாணத்தில் தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் விளைந்த நீலம் அதற்கு அடுத்தபடியில் இருந்தது. கடப்பையின் பெயரே திரிந்து ‘கர்ப்பா’ என இலண்டன் வியாபாரிகளிடையே ஒரு ரகத்தின் பெயராக வழங்கிற்று.

சாயவேர் தந்த முதல் எச்சரிக்கை

நீலத்துக்கு நேர்ந்தது திடீரென்று வந்ததன்று. அதற்கு முன்பே சிவப்புக்கு நேர்ந்திருந்தது. ஐரோப்பாவில் மாடர் என்னும் செடியின் வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்துவந்தார்கள். நம் கடற்கரைப் பகுதிகளில் தோண்டப்பட்ட சாயவேரிலும் அதே சாயப்பொருளே உள்ளது. அதன் பெயர் அலிசரின். 1868-இல் கிரேபே, லீபர்மன் என்னும் இரு ஜெர்மன் விஞ்ஞானிகள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஆந்த்ரசீனைக் கொண்டு அலிசரினைச் செய்துகாட்டினார்கள். மறு ஆண்டே ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் தொழில்முறைக்கான காப்புரிமைகள் கோரப்பட்டன. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பிரான்சின் மாடர் வயல்கள் அழிந்தன.

இதைக் கண்ட ஒருவர் அடுத்தது நீலம் என்று கூறியிருக்கலாம். பலர் கூறவும் செய்தார்கள். ஆனால் ஒன்றுக்கு நேர்ந்தது மற்றொன்றுக்கும் நேரும் என்று பொதுப்படக் கூறுவதில் பயன் சிறிது. எப்போது நேரும், எந்த வழியாக நேரும் என்று கூற முடிந்தால்தான் பயிரிடுவோர் எதையேனும் செய்யமுடியும். அதற்கு இரசாயனம் தெரிந்திருத்தல் வேண்டும். அது மட்டும் போதாது. மூலப்பொருள்களின் கணக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

டொலுவீன் கணக்கு

பேயர் 1865-இல் நீலத்தைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1880-இல் முதல் வெற்றி. 1883-இல் அதன் அணு அமைப்பையும் முடிவு செய்தார். அவருடைய முறைகளின் உரிமையை ஜெர்மனியின் இரு பெருந்தொழிற்சாலைகள் விலைக்கு வாங்கின. லூட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த பி. ஏ. எஸ். எஃப். நிறுவனம் ஒன்று, ஹோக்ஸ்ட் நிறுவனம் மற்றொன்று. 1881 அளவில், துணியின் மீதே நீலமாக மாறக்கூடிய ஒரு பொருளை அச்சுத் துணித் தொழிலுக்கென விற்றும் பார்த்தார்கள். விலை மிகுதி, செய்முறையில் துர்நாற்றமும் சேர்ந்தது. அது நிலைக்கவில்லை. தோட்ட முதலாளிகள் நிம்மதி அடைந்தார்கள்.

நிம்மதிக்கு மெய்யான காரணம் வேறு. பேயரின் முறைகள் டொலுவீன் என்னும் பொருளிலிருந்து தொடங்குபவை. ஒரு பங்கு நீலத்துக்கு ஏறக்குறைய நான்கு பங்கு டொலுவீன் தேவைப்பட்டது. அக்காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட டொலுவீன் முழுவதையும் இதற்கே செலவிட்டாலும் உலகின் நீலத்தேவையில் ஒரு சிறு பகுதியைத்தான் நிறைவு செய்திருக்க முடியும். டொலுவீனும் தனியாகக் கிடைப்பதன்று; பென்சீனோடு சேர்ந்தே வருவது. ஒன்றை மிகுதியாக எடுத்தால் மற்றதும் மிகுதியாகும். அதை வாங்குவார் யார்? ஆகவே பரிசோதனைச்சாலையில் எத்துணைச் சிறப்பாக வேலை நடந்தாலும், டொலுவீன் வழியில் இந்திய அவுரிக்கு ஆபத்து வரமுடியாது.

இதுதான் இந்த வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். 1880-இன் செய்தித்தாள்கள் செயற்கை நீலம் கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதின. மெய்யான நிலைமையோ டொலுவீன் இருக்கும்வரை அச்செய்தியால் அச்சமில்லை என்பது. இரசாயனம் கற்ற ஒருவர் அன்று பாட்னாவிலோ திருகூட்டிலோ இருந்திருந்தால், ‘இனி நீலத்தைப் பற்றிய செய்திகளைத் தேடிப் படிக்க வேண்டாம். டொலுவீனுக்குப் பதிலாக வேறு மூலப்பொருளைக் கையாளுகிறார்களா என்பதை மட்டும் கவனித்து வாருங்கள்’ என்று கூறியிருப்பார். அப்படி ஒருவரைத் தோட்ட முதலாளிகள் அப்போது வைத்துக்கொள்ளவில்லை. ஆபத்தில்லை என்ற முடிவை ஏற்றுக்கொண்டார்கள். அம்முடிவு எந்தக் காரணத்தின் மேல் நிற்கிறது என்பதை மறந்துவிட்டார்கள்.

பாச்சை உருண்டையும் உடைந்த உஷ்ணமானியும்

1890-இல் ஜூரிச் நகரத்தில் பேராசிரியராயிருந்த கார்ல் ஹோய்மன் இரண்டு புதிய வழிகளை வெளியிட்டார். ஒன்று அனிலீனிலிருந்து, மற்றொன்று ஆந்த்ரானிலிக் அமிலத்திலிருந்து. இரண்டாவது வழியில் கிடைக்கும் நீலத்தின் அளவு நன்றாயிருந்தது. ஆந்த்ரானிலிக் அமிலம் அரிய பொருளாயிற்றே என்று கேட்கலாம். அதைத் தாலிக் அமிலத்திலிருந்து செய்யலாம். தாலிக் அமிலத்தை நாப்தலீனிலிருந்து செய்யலாம். நாப்தலீன் என்பது நம் வீடுகளில் துணிப்பெட்டிக்குள் போடும் பாச்சை உருண்டைதான். நிலக்கரித் தாரில் அது அளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. வாங்குவாரின்றி அதில் ஒரு பகுதியை எரித்துப் புகைக்கரியாக்கிக் கொண்டிருந்தார்கள்.

டொலுவீன் என்னும் தடை 1890-இல் நீங்கிற்று. ஆயினும் வேறு மூன்று தடைகள் எஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்றிலும் நீலம் என்னும் பெயரே இல்லை.

முதலாவது கந்தகாமிலம். நாப்தலீனைத் தாலிக் அமிலமாக்கப் புகையும் கந்தகாமிலம் பெருமளவில் தேவை. பழைய ஈய அறை முறையில் அது கிடைக்காது. பிளாட்டினத்தைக் கிரியா ஊக்கியாகக் கொள்ளும் தொடுமுறையைக் கிளெமென்ஸ் விங்க்ளர் 1875-இல் விவரித்திருந்தார். பி. ஏ. எஸ். எஃப். நிறுவனத்தில் ருடால்ஃப் கினீட்ஷ் அதைத் தொழில்முறையாக முழுமைப்படுத்தினார். இதன் நுட்பங்களை அந்நிறுவனம் இரகசியமாகவே வைத்திருந்து, 1901-இல்தான் வெளியிட்டது. எனவே எல்லா அறிகுறிகளும் எல்லோர் கண்ணிலும் படக்கூடியவையாக இருந்தன என்று கூறுவதற்கில்லை.

இரண்டாவது குளோரினும் காஸ்டிக் சோடாவும். இரண்டும் மலிவாகக் கிடைத்தாலன்றி ஹோய்மன் வழி கட்டாது. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உப்புநீரை மின்சாரத்தால் பகுத்து இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் தொழில் ஜெர்மனியில் தொடங்கிற்று. இது இரகசியமன்று, தொழில் சஞ்சிகைகளில் வந்த செய்தி.

மூன்றாவது தற்செயலாக நீங்கிய தடை. நாப்தலீனும் கந்தகாமிலமும் சேர்ந்து மிக மெதுவாகவே வினைபுரிந்தன. ஒருநாள் கலத்திலிருந்த உஷ்ணமானி உடைந்து, பாதரசம் கலவைக்குள் விழுந்தது. வினை விரைந்தது. பாதரச உப்பு கிரியா ஊக்கியாகச் செயற்படுகிறது என்பதைச் சப்பர் என்னும் இரசாயனி கண்டுகொண்டார். 1896-இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. இக்கதையை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் உஷ்ணமானியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். உஷ்ணமானிகள் எத்தனையோ ஆராய்ச்சிக் கூடங்களில் உடைந்திருக்கின்றன. அங்கே உடைந்தபோது கலத்தில் என்ன மாறிற்று என்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லல் நலம்.

மறு ஆண்டு, 1897-இல், பி. ஏ. எஸ். எஃப். தன் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் அந்நிறுவனம் இவ்வொரு சாயத்துக்காக ஏறக்குறைய 18 மில்லியன் மார்க்குகளைச் செலவிட்டிருந்தது. ஹோக்ஸ்ட் நிறுவனம் 1901-இல் யோகானஸ் பிளெகர் கண்ட சோடமைடு முறையைக் கொண்டு அனிலீன் வழியையும் இலாபகரமாக்கிற்று.

ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிக்காட்டத் தக்க ஒரு செய்தியும் உண்டு. லூட்விக்ஸ்ஹாஃபனில் நாப்தலீன் பல படிகளைக் கடந்து வந்து சேருமிடம் இண்டாக்சில். அங்கிருந்து காற்றை ஊட்டினால் நீலம். பீகார்த் தொட்டியில் இலை நொதித்து வந்து சேருமிடமும் இண்டாக்சிலே. கடைசிப் படி இரண்டுக்கும் ஒன்று. தொழிற்சாலை நீலம் போலி என்று சொல்வதற்கு இதற்குப் பின் இடமில்லை.

தாமதமாக வந்த இரசாயனிகள்

அப்படியும் சொன்னார்கள். இயற்கை நீலத்தில் சாயப்பொருளோடு இண்டிரூபின் என்னும் செம்பொருளும் வேறு சில பொருள்களும் கலந்திருப்பதால் அதன் சாயல் கம்பளித் துணியில் ஆழமாகப் படிகிறது என்பது வாதம். இதில் சிறிது உண்மையும் இருந்தது. ஆனால் சாயத்தொழிலாளிக்கு அதைவிட வேண்டியது ஒரே சீரான தரம். ஜெர்மன் நீலம் நூற்றுக்கு இருபது பங்கு நீலப்பொருள் கொண்ட குழம்பாக, வாளிக்கு வாளி வேறுபாடின்றி வந்தது. தொட்டிக்குத் தொட்டி மாறும் கட்டியை அரைத்து, சோதித்து, கலந்து பயன்படுத்தும் தொல்லை ஒழிந்தது. சில ஆண்டுகளுக்குள் நீலத்தின் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது.

அப்போதுதான் தோட்ட முதலாளிகளின் சங்கம் கிறிஸ்டபர் ராசன் என்னும் சாய இரசாயனியை அமர்த்திற்று. பின்னர் புளோக்சம் முதலானோர் ஆராய்ந்தார்கள். தொட்டியில் இண்டாக்சில் வீணாகாமல் தடுப்பது, சாயத்தை அளக்கச் சரியான முறை காண்பது ஆகியவற்றில் அவர்கள் செய்த வேலை நல்ல வேலை. ஜாவாவிலிருந்து வந்த நேட்டால் அவுரி இனத்தில் சாயம் மிகுதி என்று கண்டு அதையும் பயிரிட்டார்கள். 1905-இல் நிறுவப்பட்ட பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியலும் அவ்வினத்தைத் தாக்கிய வாடல் நோயை ஆராய்ந்து, மண்ணில் நீர் தேங்கி வேர்களுக்குக் காற்று கிட்டாமையே அதன் காரணம் என்று கண்டார்கள். இவை யாவும் 1885-இல் நடந்திருந்தால் பயன் எப்படியிருந்திருக்கும் என்று கூறமுடியாது. 1900-க்குப் பின் நடந்ததால் வீழ்ச்சியைச் சிறிது தாமதப்படுத்தின, அவ்வளவே. 1897-இல் செடிகளிலிருந்து கிடைத்த நீலம் உலகில் சுமார் 19,000 டன். 1914-இல் அது சுமார் 1,000 டன்னாகக் குறைந்திருந்தது.

1900-இல் பி. ஏ. எஸ். எஃப். நிறுவனத்தின் தலைவர் ஹைன்ரிக் ஃபான் புரூங்க், பெர்லினில் இரசாயனிகள் கூட்டத்தில் இம்முயற்சியின் வரலாற்றை விவரித்தபோது, அவுரியிலிருந்து விடுபடும் இந்திய நிலத்தில் உணவுப்பயிர் விளையலாம். அது அந்நாட்டுக்கு நன்மையே என்ற கருத்தைக் கூறினார். கணக்களவில் அது சரி. நிலம் யார் கையில் இருந்தது என்பது அக்கணக்கில் இல்லை.

யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை

சம்பாரணில் தீன்கட்டியா என்னும் வழக்கம் இருந்தது. ஒரு பீகா நிலத்தில் இருபது கட்டா. அதில் மூன்று கட்டாவில் குடியானவர் தோட்ட முதலாளிக்காக அவுரி பயிரிட்டே தீரவேண்டும். விலையை முதலாளியே விதித்தார். இக்கடமையிலிருந்து விடுபட வேண்டும் என்பது குடியானவரின் நெடுநாள் ஆசை.

நீலத்தின் விலை வீழ்ந்து இனி அவுரியால் இலாபமில்லை என்பதை 1910-க்குப் பின் முதலாளிகள் ஐயமற உணர்ந்துவிட்டார்கள். அப்போது அவர்கள் குடியானவரிடம் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அவுரிக் கடமையிலிருந்து உங்களை விடுவிக்கிறோம். அதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்திக்கொள்ளச் சம்மதியுங்கள் என்றார்கள். நிலைத்த குத்தகை உரிமை உள்ள இடங்களில் இவ்வாறு உயர்த்திய குத்தகைக்கு ஷரஹ்பேஷி என்று பெயர். தற்காலிகக் குத்தகை உள்ள இடங்களில் தாவான் என ஒரே தொகையாக வாங்கிக்கொண்டார்கள். குடியானவர் பலர் இசைந்தார்கள். கடன் வாங்கியும் கொடுத்தார்கள். ஜெர்மன் நீலத்தைப் பற்றிய செய்தி அவர்களுக்கு எட்டியது பின்னரே. மதிப்பிழந்துபோன ஒரு கடமையிலிருந்து விடுபடுவதற்காகத் தாங்கள் பணம் கொடுத்துவிட்டோம் என்பதை அப்போது உணர்ந்தார்கள்.

இப்பகுதியை முதன்முறை படித்த நாளில் சிறிது நேரம் மேற்கொண்டு வேலை ஓடவில்லை. 1880-இல் முதலாளிகள் அறியாமல் இருந்ததைப் பற்றித்தான் நூல்கள் மிகுதியாகப் பேசுகின்றன. 1912-இல் அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதும், அவ்வறிவை என்ன செய்தார்கள் என்பதும் அதைவிடப் பெரிய செய்தி. தொழிலின் போக்கு இரு தரப்பாரில் ஒருவருக்கு மட்டும் விளங்கியிருந்தது. அதனால் நட்டம் முழுவதும் மற்றவர் தலையில் இறக்கப்பட்டது.

1914-இல் போர் மூண்டு ஜெர்மன் சரக்கு நின்றது. நீல விலை ஏறிற்று. அவுரி சிறிது காலம் மீண்டும் பயிராயிற்று. இதை மறுமலர்ச்சி என்று நம்பியவர்களும் உண்டு. விலை ஏறியது கப்பல்கள் வராமையால். ஜெர்மன் முறைகளில் குறை நேர்ந்ததால் அன்று. போர் முடிந்ததும் விலை எங்கே திரும்பும் என்பதை இந்த ஒரு வேறுபாடே காட்டிற்று. இதற்கிடையே ராஜ்குமார் சுக்லா என்னும் சம்பாரண் குடியானவரின் விடாமுயற்சியால் காந்தியடிகள் 1917 ஏப்ரலில் அங்கே சென்றார். விசாரணைக் குழு அமைந்தது. தாவான் தொகையில் கால் பங்கு திருப்பித்தர ஏற்பாடாயிற்று. 1918-இல் சட்டத்தின் மூலம் தீன்கட்டியா ஒழிந்தது.

அஞ்ச வேண்டாத இடம்

இதுவரை கூறியதைக் கொண்டு, செயற்கைப்பொருள் வந்தால் விளைபொருள் அழியும் என்று ஒரு விதி செய்துகொள்ளல் தவறாகும். இரப்பரைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலேயாவைக் கைப்பற்றியதும், அமெரிக்கா மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் செயற்கை இரப்பர்த் தொழிலை மிகப் பெரிதாக எழுப்பிற்று. இரப்பர்த் தோட்டங்களின் காலம் முடிந்தது என்று பலர் கருதினார்கள். முடியவில்லை. உலகில் பயன்படும் இரப்பரில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு இன்றும் மரத்துப் பாலிலிருந்து வருவது.

செயற்கை நீலமும் இயற்கை நீலமும் ஒரே பொருள். போரின்போது செய்யப்பட்ட செயற்கை இரப்பரோ மரத்து இரப்பர் அன்று; வேறொரு பொருள். இயற்கை இரப்பரை இழுத்தால் அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்துப் படிகமாகி வலுப்பெறுகின்றன. மடங்கி நிமிரும்போது சூடும் குறைவாகவே ஏறுகிறது. விமானச் சக்கரத்துக்கும் பாரவண்டிச் சக்கரத்துக்கும் இப்பண்பு இன்றியமையாதது. 1946-இல் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை கோரிய ரேடியல் டயர் பரவியபோது, அதன் அமைப்பே இயற்கை இரப்பரை மிகுதியாக வேண்டிற்று. ஆகவே கோட்டயத்திலோ கன்னியாகுமரி மாவட்டத்திலோ ஒரு விரிவாக்கப் பணியாளரிடம் ‘புதிய செயற்கை இரப்பர் வந்துவிட்டதாமே?’ என்று ஒருவர் கேட்டால், ‘அது எந்தச் சக்கரத்துக்கு?’ என்று அவர் திருப்பிக் கேட்பதே விடையில் பாதி.

களத்தில் இருப்பவருக்கு இரசாயனப் பட்டம் இருக்க வேண்டும் என்பதில்லை. தம் வட்டாரத்தின் முக்கிய விளைபொருளைப் பற்றி, அது எந்தப் பண்புக்காக வாங்கப்படுகிறது, யார் வாங்குகிறார்கள், அப்பண்பை வேறு வழியில் பெறுவதற்கு இன்று எது தடையாயிருக்கிறது என்ற மூன்றையும் அறிந்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதே பயனுள்ள வரி. அதற்கு நேரே ஆண்டும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இன்றேல் 1880-இன் விடையை 1896-இலும் சொல்லிக்கொண்டிருக்க நேரும். மொழிபெயர்ப்பு மேசையில் பல ஆண்டுகள் இருந்ததில் எனக்குத் தெரிந்த ஒன்றையும் கூறலாம். ஒரு புதிய பொருளின் பெயர் முதலில் ஆராய்ச்சிச் சுருக்கங்களில் வருகிறது, பிறகு காப்புரிமைப் பட்டியலில், பிறகு இயந்திரம் வாங்குவதற்கான அறிவிப்புகளில், கடைசியில் விலைப்பட்டியலில். நம்மில் பெரும்பாலோர் விலைப்பட்டியலிலிருந்து படிக்கத் தொடங்குகிறோம்.

பள்ளியில் செய்து பார்க்க

அவுரி கிடைக்கும் ஊர்களில் ஆசிரியர்கள் இதைச் செய்துகாட்டலாம். பச்சை இலையை ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, மேலே கல் வைத்து, மறுநாள் காலைவரை விட்டுவைத்தால் நீர் பசுமஞ்சளாகும். இலையை எடுத்துவிட்டு, ஆசிரியரே சிறிதளவு சுண்ணாம்புத் தெளிநீர் சேர்த்து, மாணவர்கள் முறைவைத்து ஒரு குவளையால் முகந்து முகந்து ஊற்றினால், சிறிது நேரத்தில் நுரை நீலமாவதைக் கண்ணால் காணலாம். சம்பாரண் பாடத்தை அன்றே நடத்துதல் நன்று. தமிழ்நாட்டில் திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதிகளில் இன்றும் அவுரி பயிராகிறது. இயற்கைச் சாயத்தையே விரும்பும் சிலர் அதை வாங்குகிறார்கள். உலகில் நீலக் கால்சட்டைத் துணிக்குப் பயன்படும் சாயம் ஏறக்குறைய முழுவதும் செயற்கை நீலமே.

அச்செயற்கை நீலத்துக்கும் போட்டி எழாமலில்லை. 1983-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், நாப்தலீனைச் சிதைக்கும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவை வேறொரு பாக்டீரியாவில் புகுத்தியபோது, அது நீலத்தை உண்டாக்கக் கண்டார்கள். இங்கும் நாப்தலீன் குறுக்கிட்டது வேடிக்கையே. அவ்வழியைத் தொழிலாக்க முயன்றபோது சாயத்தில் செந்நிறம் கலந்தது. காரணம், தோட்ட முதலாளிகள் புகழ்ந்த அதே இண்டிரூபின். 2018-இல் கலிபோர்னியாவில் மற்றொரு குழுவினர், பாக்டீரியாவைக் கொண்டு நீலத்துக்குப் பதிலாக இண்டிக்கனையே செய்வித்து, துணியின் மேல் அதைப் பிளந்து நீலமாக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றைய சாயப்பட்டறைகளில் நீலத்தைக் கரைக்கப் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் இரசாயனத்துக்கு அதில் வேலையில்லை. கழிவுநீர்த் தொல்லை அந்த அளவுக்குக் குறையும். இச்செய்தியை நாளிதழில் காணும் மாணவர் எவரேனும் அடுத்து என்ன ஆகும் என்று கேட்கக்கூடும். ஒரு கிலோ இண்டிக்கனுக்கு எவ்வளவு சர்க்கரை செலவாகிறது, அதைப் பிளக்கும் நொதி என்ன விலை, நொதிக்கும் தொட்டி எத்துணைப் பெரிதாக இருத்தல் வேண்டும் என்று அவரையே தேடிக் கணக்கிட்டு வரச் சொல்லலாம்.